வேலை கொடுப்போர் கடன்

'முதலாளி', 'தொழிலாளி' என்னும் இரு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒருவர் மற்றவரை 'முதலாளி' என்று அழைத்தால், அழைத்தவரின் தாய்மொழி எது என்று அச்சொல்லைக் கொண்டு அறிய இயலாது. இவ்விரு சொற்களையும் சற்று உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டின் ஈற்றிலும் 'ஆளி' என்பதே நிற்கிறது. ஒருவர் முதலை ஆள்கிறார். மற்றவர் தொழிலை ஆள்கிறார். ஒருவரை மற்றவர் ஆள்வதாக இச்சொற்களில் எங்கும் குறிப்பில்லை. ஆட்சி நுழைவது மூன்றாவதாகிய ஒரு சொல்லில். சட்டமும் அலுவலகமும் வழங்கும் 'வேலை கொடுப்பவர்' என்பதே அச்சொல்.

கொடுத்தலைப் பற்றித் தொல்காப்பியர் நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார். ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் இரத்தற்குரிய சொற்கள் என்றும், தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குங்கால் முதலாவதும், ஒத்தோர் தம்முள் கேட்குங்கால் இரண்டாவதும், உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்குங்கால் மூன்றாவதும் வரும் என்றும் அவர் வகுத்தார். இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. வாழ்க்கையில் மறைந்ததா என்பதுதான் கேள்வி. வேலை வேண்டி நிற்பவன் இம்மூன்றனுள் எச்சொல்லால் கேட்கிறான்? எச்சொல்லால் கேட்க அவனை நாம் விட்டுவைத்திருக்கிறோம்? இந்த வினாவுக்கு விடை தேட நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நம் கொச்சித் துறைமுகத்தின் வரலாறே போதும்.

1928ஆம் ஆண்டில் ராபர்ட் பிரிஸ்டோவின் முயற்சியால் கடல்வாய் மணல்திட்டு வெட்டித் திறக்கப்பட்டு, பெருங்கப்பல் காயலுக்குள் வந்தது. தோண்டியெடுத்த மண்ணிலிருந்து வில்லிங்டன் தீவு எழுந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. மிளகும் சுக்கும் தேயிலையும் கயிறும் முந்திரிப்பருப்பும் இங்கிருந்து உலகெங்கும் சென்றன. இவையெல்லாம் பள்ளிப் பாடநூல்களில் உள்ளவை. அந்தச் சரக்கை ஏற்றிய தோள்கள் எவ்வாறு வேலைக்கு எடுக்கப்பட்டன என்பது பாடநூல்களில் அவ்வளவாக இடம்பெறவில்லை.

அம்முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். விடியுமுன் ஆட்கள் திரளாகக் கூடுவர். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பை ஏற்றிருந்த ஸ்டீவடோர் குழுமங்களின் சார்பில் மூப்பன் வருவான். அவன் கையில் உலோக வில்லைகள் இருக்கும். அன்றைக்கு எத்தனை ஆள் தேவையோ அத்தனை வில்லை. அவற்றைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். எட்டிப் பிடித்தவனுக்கும், கீழே விழுந்ததைப் பிறரை நெட்டித் தள்ளி எடுத்தவனுக்கும் அன்று வேலை உண்டு. மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவர். கைகால் ஒடிந்தவர்களும் உண்டு. வில்லை கிடைத்தவனும் மறுநாள் விடியலில் அதே கூட்டத்தில் நிற்க வேண்டியவனே.

இதனைக் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் வேலை கொடுத்தவர் நிலையில் நின்று ஒரு கணம் எண்ணிப்பார்த்தால், இக்கொடுமையின் உள்ளமைப்பு விளங்கும். அன்றைக்கு ஐம்பது பேர் வேண்டும் என்றால், வரிசையில் நிறுத்தி முதல் ஐம்பது பேரை அழைக்கலாம். நேற்று வேலை கிடைக்காதவர்களை இன்று அழைக்கலாம். பெயர் எழுதிய ஓர் ஏடு இருந்தால் போதும். ஏட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அவ்வாறிருக்க, வீசி எறிவானேன்?

தேர்ந்தெடுப்பவன் விடை சொல்லக் கடமைப்பட்டவன். 'அவனை எடுத்தாய், என்னை ஏன் விட்டாய்?' என்று கேட்டால் ஏதேனும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். வீசி எறிந்தவனிடம் அக்கேள்வியே எழாது. வேலை கிடைக்காதவன் தன்னினும் வலியனாகிய பக்கத்து வீட்டுக்காரனையே நொந்துகொள்வான். முதலாளிமேல் செல்ல வேண்டிய சினம் தோழன்மேல் சென்றது. சாப்பா முறையில் மூப்பனுக்கும் முதலாளிக்கும் கிடைத்த பெரும்பேறு இதுவே எனலாம். கூலிக் குறைப்பினும் இது பெரிது. அறியாதிருக்கும் உரிமையை அவர்கள் அந்த உலோகத் துண்டுகளால் விலைக்கு வாங்கினார்கள். நிழலில் அமர்ந்து கணக்கெழுதிய முதலாளிக்குத் தம் சரக்கைச் சுமந்தவர் யார், நேற்றுச் சுமந்தவர் இன்று ஏன் வரவில்லை என்பவை தெரியா. தெரிய வேண்டியதும் இல்லை.

திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனுக்குக் கூறியவை என்று உரையாசிரியர்கள் கொள்வர். ஆயினும் ஒருவன் கையில் வினையை ஒப்படைக்கும் யாருக்கும் அவை பொருந்தும். அங்கே வள்ளுவர் வேண்டுவது அறிவு: ஆளை அறிதல், அவன் ஆற்றலை அறிதல், ஒப்படைத்த பின்னும் அவனை நோக்கியிருத்தல். சாப்பா இவற்றுக்கு நேர்மாறான ஒரு கோட்பாடு. தெரியாமல் வினையாடல் என்று அதற்குப் பெயரிடலாம்.

முதலாளியின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. அதை மறைத்தல் நேர்மையாகாது. கப்பல் வரும் நாள் கடலின் கையில் இருந்தது. இடவப்பாதி மழை தொடங்கினால் சரக்கறையைத் திறக்க இயலாது. ஒரு நாள் மூன்று கப்பல் நிற்கும். அடுத்த வாரம் ஒன்றும் இராது. 'கப்பலே இல்லாத நாளில் ஆயிரம் பேருக்கு நான் எவ்வாறு கூலி கொடுப்பேன்?' என்று ஒரு ஸ்டீவடோர் கேட்டிருந்தால் அக்கேள்வி பொய்யானதன்று. துறைமுகத் தொழிலில் நிலையின்மை உண்மையாகவே இருந்தது. அந்த நிலையின்மையை யார் சுமப்பது என்பதே அறவியலின் வினா. கப்பல்காரர் அதைக் கட்டணத்தில் ஏற்றினார். வணிகர் விலையில் ஏற்றினார். காப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டுப் பங்கிட்டது. எஞ்சிய சுமை முழுவதும், அதைச் சுமக்க மிகக் குறைந்த வலிமையுடையவன் தலையில் இறக்கப்பட்டது. அவன் வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ வீசிய காற்றைப் பொறுத்ததாயிற்று.

1953ஆம் ஆண்டு மட்டாஞ்சேரித் தொழிலாளர் இதனை எதிர்த்து நீண்ட வேலைநிறுத்தம் செய்தனர். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் அப்போது ஏ. ஜே. ஜான் தலைமையிலான அரசு நடந்தது. செப்டம்பர் 15ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சையது, சைதலவி ஆகிய இருவர் சூட்டில் மாண்டனர். ஆன்றணி என்பவர் காவலில் பட்ட அடியால் பின்னர் உயிர் நீத்தார். இதனைக் கருவாகக் கொண்டு கே. எம். சிதம்பரன் 1968இல் 'துறைமுகம்' என்னும் நாடகத்தை எழுதினார். ராஜீவ் ரவி இயக்கத்தில் அது 2023இல் அதே பெயரில் திரைப்படமாயிற்று. மூவர் இறந்தது கூலி உயர்வுக்காக மட்டும் என்று எண்ணுவது குறைவான கணிப்பு. வேலை கேட்கும் இடத்தில் 'ஈ' என்பதை விட்டுத் 'தா' என்று சொல்லும் நிலையை அவர்கள் கேட்டார்கள். தொல்காப்பியர் கண்ட அந்த ஓர் எழுத்து வேறுபாட்டுக்கு இவ்வளவு விலை உண்டு என்பதை இலக்கண வகுப்பில் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இக்கேடு நம் நாட்டுக்கே உரியதும் அன்று. இலண்டன் துறைமுகத்தில் ஆட்களைக் கம்பிக் கூண்டுக்குள் அடைத்து, அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் போராட, மேலாள் சிலரை மட்டும் அழைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. பென் டில்லெட் அதனை வெளியுலகுக்கு எடுத்துரைத்தார். 1889இல் நடந்த பெரும் வேலைநிறுத்தம் மணிக்கு ஆறு பென்னி கூலியைப் பெற்றுத் தந்தது. பிரிட்டனில் துறைமுகத் தொழிலாளர் பதிவுத் திட்டம் நாடளாவியதாக வந்தது 1947இல்தான். கூலியை உயர்த்துவதினும் ஒருவன் பெயரை ஏட்டில் ஏற்றுவது முதலாளிகளுக்குக் கடினமாக இருந்தது என்பதை இவ்விடைவெளி காட்டுகிறது.

பயிற்சியைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்ல வேண்டும். கப்பலில் சரக்கு அடுக்குதல் எளிய வேலை என்று கரையில் நிற்பவர்கள் நினைக்கின்றனர். கனமானது கீழும் இலேசானது மேலும் வரவேண்டும். எடை இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் நடுக்கடலில் கப்பல் சாயும். முதலில் இறங்கும் துறைக்குரியது கடைசியில் ஏற வேண்டும். தேயிலை அயல் மணத்தை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். அதன் அருகே மிளகு மூட்டையையோ உலர்மீனையோ வைத்தால் இலண்டனில் பெட்டியைத் திறப்பவர் முகம் சுளிப்பார். வின்ச் என்னும் பாரந்தூக்கியை இயக்குபவன் கை ஒரு நொடி பிசகினால் கீழே நிற்பவன் உயிர் போகும். இத்தனை அறிவும் வேண்டிய தொழிலில், வில்லையை எட்டிப் பிடிக்கும் திறன் ஒன்றே தகுதியாக இருந்தது! இருபது ஆண்டு பட்டறிவுடையவனும் நேற்று ஊரிலிருந்து வந்தவனும் அந்தக் கூட்டத்தில் ஒன்றே. முதியவன் கைக்கு எட்டாத வில்லையை இளையவன் கை எட்டிப்பிடிக்கும்.

ஆயினும் சரக்கு ஒழுங்காகவே ஏறியது. கற்றுக்கொடுத்தவர் யார்? உடன் வேலை செய்தவனே கற்றுக்கொடுத்தான். நாளை தன்னோடு வில்லைக்காக மோதப்போகிறவனுக்கு அவன் இன்று கயிறு முடியும் விதத்தைச் சொல்லித்தந்தான். இந்தியத் துறைமுகங்கள் பலவற்றின் திறமை இவ்வாறு தொழிலாளிகள் தம்முள் கொடுத்தும் கொண்டும் வளர்த்தது. முதலாளி அதற்கு ஒரு காசும் செலவிடவில்லை. அப்படி ஒரு திறமை இருப்பதையே பல காலம் அறியவில்லை. பயிற்சி அளிக்க ஒருவனுக்கு முதலில் வேண்டுவது பணமன்று; கற்பவன் நாளையும் இங்கே இருப்பான் என்னும் எதிர்பார்ப்பு. சாப்பா அந்த நாளையை ஒவ்வொரு மாலையும் அழித்தது.

அதே எர்ணாகுளம் மாவட்டத்தில், காயலுக்கு வடக்கே ஏலூரில், வேறொரு காட்சி. திருச்சியில் மின்தொழிலால் பெயர்பெற்ற சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில் 1943இல் 'ஃபாக்ட்' உரத்தொழிற்சாலை நிறுவனம் தோன்றி, 1947இல் உற்பத்தி தொடங்கிற்று. அம்மோனியாவைக் கையாள்பவனை வில்லை வீசித் தேர்ந்தெடுக்க முடியாது. குழாயில் அழுத்தம் ஏறினால் என்ன செய்வது என்பதை அவனுக்கு முன்கூட்டியே கற்பித்தாக வேண்டும். கற்பித்தவனை இழக்கவும் மனம் வராது. திருச்சியில் அக்குடும்பத்தார் பெயரால் 1952இல் தொழில்நுட்பப் பயிலகம் எழுந்ததும், கோவையில் பி. எஸ். ஜி. அறநிலையம் 1926 முதல் தொழிற்கல்விக்குப் பொருள் ஈந்ததும் தருமத்தால் மட்டும் நிகழ்ந்தவை என்று நான் கருதவில்லை. இயந்திரம் கேட்டது, அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் கேட்டதை உணர்ந்து கொடுப்பதற்கும் ஓர் அறிவும் பெருமையும் வேண்டும். 1961இல் நாடாளுமன்றம் தொழில்பழகுநர் சட்டத்தை இயற்றி, இத்தனை பேரைச் சேர்த்துக் கற்பியுங்கள் என்று குறிப்பிட்ட தொழில்களின் முதலாளிகளைப் பணிக்க வேண்டி வந்தது என்றால், அவ்வறிவு தானாக எங்கும் பரவிவிடவில்லை என்பது தெளிவு.

இதுவரை சொன்னதைக் கேட்ட ஒருவர், 'தொழிலாளியை அறிந்து, அவனுக்கு நாளை என்று ஒன்றை அளித்துவிட்டால் முதலாளியின் கடன் தீர்ந்ததா?' என்று வினவலாம். தீராது. அறிந்திருத்தலும் ஒரு விலங்காகலாம் என்பதைத் தமிழர் வேறு யாரினும் நன்கறிவர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிச் சென்ற கங்காணிக்குத் தன் ஆட்களின் பெயர் மட்டுமன்றி ஊர், உறவு, சாதி, குடும்பச் செலவு யாவும் தெரியும். பெரும்பாலும் அவன் அவர்களுக்கு உறவினனாகவோ ஊரானாகவோ இருப்பான். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பான். அது கடனாக நிற்கும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பினால், கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் கடனை ஏற்றுக்கொண்டு ஆளையும் ஏற்கும். கடனோடு ஆள் கைமாறினான். சாப்பா ஒருவனுடைய நாளையைப் பறித்தது. துண்டு அவனுடைய நாளைகள் யாவற்றையும் முன்கூட்டியே வாங்கிவிட்டது. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல். உலோக வில்லை ஒன்றும் காகிதத் துணுக்கு ஒன்றும் ஆகிய இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேலை கொடுப்பவர் தவறக்கூடிய இரு எல்லைகளும் தெரிகின்றன. ஒரு பக்கம் பெயரே அறியாத புறக்கணிப்பு. மறுபக்கம் பெயர் அறிந்து கைப்பிடியை விடாத உடைமையுணர்வு.

சென்னையின் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலைகளைப் பற்றியும் எண்ண வேண்டும். பின்னி நிறுவனத்தார் அக்காலத்தில் நல்ல முதலாளிகள் என்றே பெயர் பெற்றனர். ஆலையைச் சார்ந்து பள்ளி நடத்தினர். மருத்துவ உதவி அளித்தனர். தொழிலாளர் குடியிருப்புகள் கட்டினர். இவை உண்மையான நன்மைகள். இவற்றை இகழ்வது அறிவுடைமையாகாது. ஆனால் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பள்ளியும் வீடும் கொடுத்த அதே கைகள் சங்கத்தை ஏற்க மறுத்தன. 1920இல் நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்று வாடியா முதலியோர்மேல் தடையாணை பெற்றது. இந்தியாவில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை அவ்வழக்கு உலகறியச் செய்தது. அதன் விளைவுகளுள் ஒன்றாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பின்னியாரின் மனநிலையை விளங்கிக்கொள்வது கடினமன்று. கேளாமலே கொடுத்தோமே, இனிக் கேட்பது எதற்கு என்று அவர்கள் மனம் நொந்திருக்கலாம். ஒரு தந்தை வளர்ந்த மகனிடம் இவ்வாறு நோவதுண்டு. கேளாமல் கொடுக்கப்பட்டது எவ்வளவு பெரிதாயினும், கேட்டுப் பெறும் உரிமைக்கு அது ஈடாகாது. ஈகை வாங்குபவனை நன்றியுடையவனாக்கும். ஒப்பந்தம் அவனை நிமிர்ந்து நிற்கச் செய்யும். தொழிலுறவு என்று நாம் வழங்கும் சொல்லில் 'உறவு' என்பது இருபக்கமும் பேசும் வாய் உடையதாக இருந்தால்தான் பொருள் பெறும்.

மீண்டும் கொச்சிக்கு வருவோம். நாளையை அழிக்காமலும் விலைக்கு வாங்காமலும், கேட்கும் வாயை அடைக்காமலும் வேலை கொடுப்பது எவ்வாறு? இதற்கு ஒரு விடையை நம் துறைமுகங்கள் கண்டன. 1931இல் அரச தொழிலாளர் ஆணையம், துறைமுகங்களில் ஆட்களைப் பதிவு செய்து எண்ணிக்கையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகியவற்றில் 1950களின் தொடக்கத்தில் வாரியங்கள் அமைந்தன. கொச்சிக்கென ஒரு திட்டம் வகுக்கப்பட்டது 1959இல். துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு ஆண்டு ஆன பின்!

அந்த வாரியத்தில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பினரும் இருந்தனர். தொழிலாளர் பெயர் பதிவேட்டில் ஏறியது. முறைவைத்து வேலைக்கு அழைத்தனர். வேலைக்கு ஆயத்தமாக வந்து, கப்பல் இல்லாமையால் வேலை கிடைக்காதவனுக்கு வருகைக்கூலி உண்டு. மாதத்தில் இத்தனை நாளுக்குக் குறையாத கூலி என்று உறுதியும் உண்டு. இச்செலவைத் தாங்க, ஒவ்வொரு ஸ்டீவடோரும் தாம் கொடுத்த கூலியின் அளவுக்கேற்ப வாரியத்துக்கு ஒரு தீர்வை செலுத்தினார். இதன் சிறப்பை நம் பொருளியல் அறிஞர்கள் போதிய அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம். ஆயிரம் பேரைத் தனி ஒருவராகத் தாங்க இயலாது என்று ஒரு ஸ்டீவடோர் சொன்னது மெய்யே. எல்லா ஸ்டீவடோர்களும் சேர்ந்தால் இயன்றது. இன்று ஒருவருக்குக் கப்பல் இல்லாவிடினும் மற்றொருவருக்கு உண்டு. தொழிலாளி இருவருக்கும் பொது. நிலையின்மை என்னும் சுமை ஒரு தலையிலிருந்து பல தோள்களுக்கு மாறியது. தொழிலாளி எந்த ஒரு முதலாளிக்கும் உடைமை ஆகாமலே நாளையைப் பெற்றான். 'முதலாளியின் கடமை' என்று ஒருமையில் பேசிப் பழகிய நமக்கு, சில கடமைகள் பன்மையில்தான் நிறைவேறும் என்பதை இவ்வாரியம் கற்பித்தது.

பதிவேடு வந்தபின் பயிற்சிக்கும் பொருள் வந்தது. வின்ச் இயக்குபவன், தண்டல், கணக்கன் என்று வகைபிரித்து எழுதியதும், யாருக்கு எது தெரியும் என்பது எழுத்தில் ஏறியது. துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலம், நலவாழ்வு ஆகியவற்றுக்கென 1986இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டபோது, பெயருள்ள ஆட்களுக்கே அது இயற்றப்பட்டது. பெயரில்லாதவனுக்குப் பாதுகாப்பு விதி எழுதுவது எவ்வாறு?

இவ்வமைப்பும் பழுதின்றி நிற்கவில்லை. ஏடு திறந்திருக்கும்வரை அது நீதி. மூடிய பிறகு அது வேலி. உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரைக் காணாத நிலை விரைவில் வந்தது. கேரளத்தில் 1978இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் பதிவும் நலநிதியும் அளித்தது. அதன் நிழலில், பிறர் சுமப்பதை நோக்கி நின்றதற்கே கூலி கேட்கும் 'நோக்குகூலி' என்னும் வழக்கமும் வளர்ந்தது. 2018 மே முதல் நாளிலிருந்து அரசு அதனைத் தடை செய்தது. தடை செய்த நாளைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கலாம். நோக்குகூலியைக் காட்டித் தொழிற்சங்கம் யாவும் தீது என்று கூறும் முதலாளிகளை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களிடம் ஒன்று கேட்கலாம். வேலையின்றி நின்றவனுக்குக் கூலி என்பது வருகைக்கூலியிலும் உண்டு. அது நியாயமாயிற்று, இது கொள்ளையாயிற்று. ஏன்? முன்னது அவனை அழைத்து நிறுத்தியவர் தாமே ஒப்பிக் கொடுத்தது. பின்னது அழையாதவரை அச்சுறுத்திப் பெற்றது. ஒப்புதல் இல்லாத இடத்தில் தொழிலாளியும் மூப்பன் ஆகிவிடுகிறான்.

இதற்கிடையே இயந்திரமும் வந்தது. 1973இல் இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது நம் கொச்சிக்கே. மூட்டை மூட்டையாக ஏறிய சரக்கு பெட்டி பெட்டியாக ஏறலாயிற்று. 2011இல் வல்லார்பாடத்தில் பெருங்கன்டெய்னர் முனையம் திறந்தது. பல தோள்கள் செய்ததைப் பாரந்தூக்கியின் கூண்டில் அமர்ந்த ஒருவர் செய்கிறார். பிரிட்டனும் தன் பதிவுத் திட்டத்தை 1989இல் கைவிட்டது. சாப்பா வீசிய இடம் இன்று சுற்றுலாப் பயணிகள் மசாலா வாங்கி நடக்கும் தெருவுக்கு அருகில் உள்ளது.

சாப்பா போயிற்றா என்று கேட்டால் நான் தயங்குவேன். வில்லிங்டன் தீவில் வாத்துருத்தி என்னும் குடியிருப்பை நம் சங்கத்தார் அறிவர். தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள் நெடுங்காலமாக நெருக்கடியான சிறு அறைகளில் வாழும் இடம் அது. கலூர் போன்ற சந்திப்புகளில் விடியலில் மண்வெட்டியும் கரண்டியும் ஏந்தி நம் மொழி பேசுவோர் நின்றதை எர்ணாகுளத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர் யாவரும் கண்டிருப்பர். வண்டி ஒன்று வந்து நிற்கும். 'மூன்று பேர்' என்று ஒரு குரல் கேட்கும். பத்துப் பேர் ஓடுவர். பின்னாளில் வங்காளிகளும் ஒடியரும் அசாமியரும் வந்து, பெரும்பாவூர் ஒட்டுப்பலகை ஆலைகள்வரை பரவினர். 2010இல் கேரள அரசு வெளிமாநிலத் தொழிலாளர்க்கு ஒரு நலத்திட்டம் கொண்டுவந்தது. அதில் பதிவு செய்ய வேலை கொடுத்தவர் யார் என்று காட்ட வேண்டிய இடத்தில், நாளுக்கொரு முதலாளியிடம் வேலை செய்பவன் எவர் பெயரை எழுதுவான்?

இன்று வில்லை கைப்பேசியில் விழுகிறது. உணவு கொண்டு செல்லும் இளைஞனின் கையில் மணி ஒலிக்கும். சில நொடிகளுக்குள் அவன் விரல் தொட வேண்டும். வீசுபவர் யார் என்பது அவனுக்குத் தெரியாது. மூப்பனுக்காவது முகம் இருந்தது. அவனைத் தொழிலாளி என்று அழைக்காமல் 'பங்காளர்' என்று அழைக்கிறார்கள். தமிழில் அச்சொல்லுக்கு வழக்கு மன்றம்வரை செல்லும் பொருளும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திராது. 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் முதன்முறையாக இவர்களையும் கணக்கில் கொண்டு, செயலி நடத்தும் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடுவரை இவர்களின் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று வகுத்தது. ஸ்டீவடோர்கள் செலுத்திய அந்தத் தீர்வையின் தூரத்துப் பேரன் இது. பலரும் சேர்ந்து சுமப்பது என்னும் கருத்து சாகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வாரியத்தில் தொழிலாளி தன் முறை எப்போது வரும் என்று கேட்கலாம். கேட்டால் ஏட்டைப் பார்த்துச் சொல்ல ஓர் எழுத்தர் இருந்தார். செயலியிடம் கேட்பது எவ்வாறு என்பது இன்னும் முடிவாகவில்லை.

பெருநிறுவனங்களைப் பற்றிப் பேசுவது எளிது. அவை இம்மலரைப் படிப்பதில்லை. படிப்பவருள் வீடு கட்டுவோர், சிறு ஒப்பந்தக்காரர், கிடங்கு வைத்திருப்போர், கடை நடத்துவோர் பலர். ஆண்டில் சில நாளேனும் நாம் ஒவ்வொருவரும் வேலை கொடுப்பவரே. சுவர் பூச இருவரை அழைக்கிறோம். காலை எட்டு மணிக்கு அவர்கள் பேருந்து ஏறி வந்து சேர்கின்றனர். ஒன்பது மணிக்கு மிதுன மாத மழை பிடித்துக்கொள்கிறது. அன்று பூச்சு வேலை நடவாது. 'நாளை வா' என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த ஒரு நாள் மழை யாருடையது? வீடு நம்முடையது, பருவம் கேரளத்தினுடையது, வந்த கால்கள் அவர்களுடையவை. 1959இன் திட்டம் அந்த நாளுக்கு ஒரு தொகை குறித்திருந்தது. நம் வீட்டு வாசலில் அத்தொகையை இதுவரை எவரும் குறிக்கவில்லை. கேட்கவும் அவர்கள் துணியவில்லை. குடையை விரித்துக்கொண்டு, சரி முதலாளி என்று சொல்லிவிட்டு, அடுத்த பேருந்துக்கு நடந்து விடுகிறார்கள்.